மயிலாத்தா சொன்ன மத்தியானச் சோறு

செப்டம்பர் 1, திங்கள்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மா இந்த நோட்டைக் கையில் கொடுத்து, மத்தியானம் உண்பதை மட்டுமாவது மறைக்காமல் எழுதுங்கள் என்றார். காலையும் ராத்திரியும் வீட்டில். என் வீட்டுக்காரி வசந்தாமணி கண்ணைத் தாண்டி ஒரு வடை உள்ளே வராது. மத்தியானம் நான் கொப்பரைக் களத்தில் இருப்பேன், கேட்க ஆளில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதிப் பழகியதெல்லாம் லாரி நம்பர்தான். இருந்தாலும் எதற்காக இது என்பதை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.

என் தங்கை மயிலாத்தாளுக்குக் கல்லீரல் போய்விட்டது. குடிக்காத பொம்பளைக்கு எப்படி என்று கேட்காத ஆள் காங்கேயத்தில் இல்லை. அவள் உடம்பே அவள் ஈரலைப் பகையாக நினைத்து அரிக்கிற சீக்கு என்றார் டாக்டர். இனி மாற்று ஈரல் வைத்தால்தான் உண்டு. அவள் வீட்டுக்காரர் குமரேசன் மாப்பிள்ளைக்கு ரத்தம் சேரவில்லை. மகளுக்குப் பதினாறு வயசு, சட்டம் ஒத்துக்கொள்ளாது. என் ரத்தம் சேர்கிறது. என் ஈரலில் பாதியை வெட்டி அவளுக்கு வைத்தால் ரெண்டு பேருக்கும் வளர்ந்து முழுசாகிவிடுமாம். முப்பது வருஷமாக வியாபாரம் பண்ணுகிறேன், பாதியைக் கொடுத்த பிறகும் முழுசாக இருக்கிற சரக்கை இன்றுதான் கேள்விப்பட்டேன்.

சிக்கல் என்னவென்றால், என் ஈரலில் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு கொழுப்பு. பத்துக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைப்பார்கள். கொப்பரையில் ஈரம் நூற்றுக்கு ஆறைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்புகிற ஆள் நான். இன்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

எட்டு வாரம் டயம். அதற்கு மேல் உங்கள் தங்கச்சி தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இது மயிலாவுக்குத் தெரியாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பதினோரு வருஷமாக நான் மத்தியானம் உண்டது மயிலாவின் மெஸ்ஸில்தான். எட்டு மேஜை, வாழை இலை, மட்டன் குழம்பு, நல்லி. ஆடியிலிருந்து அது பூட்டிக் கிடக்கிறது. என் ஈரலில் இருக்கும் கொழுப்பில் பாதி அவள் கைப்பக்குவம்.

இன்று சைவ ஓட்டலில் சாப்பாடு. சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் நாலு. கறிதான் இல்லையே என்று சோறு மூன்று தடவை வாங்கினேன்.

மூணு மணிக்கு மயிலா போன் பண்ணினாள். உண்டதைச் சொன்னேன்.

"ஏண்ணா, நீ கல்யாண ஊட்டுக்குப் போனியா?"

"கறி தொடலை அம்மிணி."

"கறியத் தொடலீன்னா சோத்தை அள்ளிக் கொட்டறதா? எலையில கறி இருந்த எடத்துக்கு இன்னொருத்தன் வரோணும். பயிறு வரோணும், பருப்பு வரோணும். அப்பத்தான் வயிறு அடங்கும். நாளையிலிருந்து நான் சொல்றதைத்தான் அண்ணி ஆக்கிக் குடுக்கோணும். ஓட்டல் பக்கம் போனீன்னா எனக்கு உன்ற ஈரலே வேண்டாம்."

ஆட்டுக்கறி ஆக்கியே பேர் வாங்கினவளிடம் சைவச் சாப்பாட்டுக்குப் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

வசந்தாமணி கட்டிக் கொடுத்த தூக்குப்போசியில் கொள்ளு கடைசல், ஒரு கரண்டி சோறு, பீர்க்கங்காய்ப் பொரியல். தேங்காய் போடக் கூடாதாம். கொப்பரை வியாபாரி வீட்டுப் பொரியலில் தேங்காய் இல்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஊத்துக்குளி ஆயில் மில் அர்த்தநாரி வந்தார். எங்கள் தொழிலில் டீ வந்த பிறகுதான் விலை பேசுவது. டீ வந்தது, பேசினோம், படிந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

கொள்ளு பிடித்து நிறுத்துகிறது. அஞ்சு மணி வரைக்கும் வயிறு வாய் திறக்கவில்லை. மயிலாவிடம் சொன்னேன். "குதிரைக்குத்தான் வேலை செய்யும்னு நெனச்சேன், உனக்கும் செய்யுதே" என்றாள்.

நாலு வண்டி வந்தது. நாலு பேருக்கும் டீ சொல்லி, கூடக் குடித்து, அனுப்பினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பச்சைப் பயிறு, சின்ன வெங்காயம் நிறைய. சந்தை நாள். மூச்சு விட நேரமில்லை. டீக்கடைக்காரன் தூக்கோடு களத்திலேயே நின்றான்.

செப்டம்பர் 10, புதன்

சோதனை. அர்த்தநாரி மத்தியானம் வண்டியில் ஏற்றிப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போய்விட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் வெளியே போனால், ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம் படுக்கப் போகிறான் இவன் என்று சரக்குக்காரர்கள் வேறு களத்துக்கு ஒதுங்கிவிடுவார்கள். இருபத்தஞ்சு வருஷம் சேர்த்த ஆட்கள்.

"புரட்டாசி விரதமுங்க" என்றேன்.

"புரட்டாசி பொறக்க இன்னும் ஒரு வாரம் இருக்குதுங்களே."

"சீக்கிரமே ஆரம்பிச்சுட்டனுங்க."

அவர் முன்னால் லெக் பீஸ். என் முன்னால் வெங்காயப் பச்சடி. பெருமாளே பார்த்திருந்தால் பரிதாபப்பட்டு அனுமதித்திருப்பார். திரும்பி வந்து போசியில் இருந்த தட்டைப்பயிறை நின்றுகொண்டே உண்டேன். பிறகு டீ குடித்ததும்தான் மனசு ஆறியது.

செப்டம்பர் 16, செவ்வாய்

காளானை மிளகு போட்டு, கறி வறுவல் மாதிரியே வதக்கச் சொல்லியிருக்கிறாள். மூடியைத் திறந்ததும் மெஸ் வாசம். ஒரு நிமிஷம் மூடிவிட்டுப் பிறகு திறந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மயிலாவுக்கு வயிற்றில் மறுபடியும் நீர் கோத்துவிட்டது. கோயமுத்தூர் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். ஆறு லிட்டர் எடுத்தார்கள். கண் மஞ்சள் கிழங்கு மாதிரி இருக்கிறது. ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கிறவள் என்னைப் பார்த்து, "மத்தியானத்துக்கு என்ன பண்ணுன?" என்கிறாள். போசி வண்டியில் இருக்கிறது என்றேன். கொண்டுவந்து தன் முன்னால் உண்ணச் சொன்னாள். ராகிக்களி, கீரை கடைசல். உண்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உப்பில்லாத கஞ்சி, மூணு ஸ்பூனோடு ஒதுக்கிவிட்டாள்.

திரும்பும்போது பல்லடத்துக்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இஞ்சின் சூடாகிவிட்டது.

செப்டம்பர் 29, திங்கள்

நாலு வாரம் கழித்து ஸ்கேன்.

பதினேழு.

பத்தொன்பதிலிருந்து பதினேழு. எடை ஒன்றரைக் கிலோதான் இறங்கியிருக்கிறது. ஆலோசனை அம்மா என் முகத்தைப் பார்த்து, "வெளியில ஏதாவது சாப்பிடறீங்களா சார்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான்தான் சத்தம் போட்டுவிட்டேன். முப்பது வருஷத் தொழிலில் என்னை எவனும் அப்படிக் கேட்டதில்லை.

சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த மயிலா போனில் கேட்டாள்: "கறி தின்னியாண்ணா?"

"இல்லை."

"நெசமாத்தான் சொல்றியா?"

போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தட்டைப்பயிறு. அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 1, புதன்

களத்தில் ஆயுத பூஜை. பொரி, சுண்டல். வந்தவர்களுக்கெல்லாம் டீ. குமரேசன் மாப்பிள்ளை வந்தார். "உங்க தங்கச்சி அந்தச் சாப்பாட்டு நோட்டை வாங்கிட்டு வரச் சொல்லுச்சுங்க மச்சான்" என்றார். சந்தேகம் தீரட்டும் என்று உடனே எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் நோட்டில் கறி என்று எங்கேயாவது இருக்கிறதா, அவளே தேடிப் பார்க்கட்டும்.

அவர் வண்டி முக்கைத் தாண்டிய பிறகுதான் முதல் பக்கம் ஞாபகம் வந்தது. டாக்டர் தனியாகச் சொன்னதை எழுதியிருக்கிறேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். போய்விட்டார்.

இதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நோட்டு இன்று திரும்பி வந்தது. நோட்டோடு மயிலாவும் வந்துவிட்டாள். மாப்பிள்ளை கார் ஓட்ட, பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்தபடி களத்து வாசல் வரைக்கும். இறங்க முடியவில்லை. நான் போய்க் கதவோரம் நின்றேன்.

"கறி தின்னியான்னு கேட்டது தப்புத்தாண்ணா. நீ தின்னிருந்தா எழுதாம இருக்க மாட்ட, உனக்குப் பொய் எழுத வராது. பேசத்தான் வரும்."

"சரி விடு."

"டீயில எத்தனை ஸ்பூன் சக்கரை போடறான் அவன்?"

எனக்குப் புரியவில்லை.

"நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் டீ. கொள்ளு ஒரு வரி, டீ ரெண்டு வரி. சந்தை நாள்ல எத்தனை டம்ளருண்ணா?"

"டீ என்ன சோறா? அது தொழிலு. வந்தவங்க கூடக் குடிக்கறது."

"உன்ற ஈரலுக்குத் தொழிலு தெரியுமா?"

எண்ணிப் பார்த்தேன். சாதாரண நாளில் ஒன்பது, சந்தை நாளில் பதினாலு. நம் கடைக்காரன் ரெண்டு ஸ்பூன் குறையாமல் போடுவான், அதற்குத்தான் அவனுக்குப் பேரே. இருபத்தெட்டு ஸ்பூன். டீக்கடையிலிருந்து சர்க்கரை வாங்கிவந்து காலி டீ டம்ளரில் போட்டுப் பார்த்தேன். டம்ளர் ரொம்பி வழிந்தது. மாப்பிள்ளை வாயில் கையை வைத்துக்கொண்டார். ஒரு மாதமாகக் கறியை விட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இதைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மயிலா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பினாள்.

"மொதப் பக்கமும் படிச்சேன்" என்றாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எட்டு வாரத்துல அஞ்சு முடியப்போவுது. பாப்பாவுக்கும் அவருக்கும் தெரிய வேண்டாம். நீ டீயை நிறுத்து. மத்தியானத்தை நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் பேசினாள். மாப்பிள்ளை தண்ணீரோடு வந்துவிட்டார்.

அக்டோபர் 6, திங்கள்

சந்தை நாள். டீ இல்லாத முதல் சந்தை நாள். தலை வலித்தது. அதைவிடப் பெரிய வலி, வந்தவர்களுக்குச் சமாதானம் சொல்வது. எங்கள் பக்கத்தில் டீயை ஒதுக்கினால் விலை பிடிக்கவில்லை என்று அர்த்தம். அர்த்தநாரிக்கு மட்டும் டீ வரவழைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னுங்க, போன லோடுல ஏதாவது மனத்தாங்கலுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் டீ கூடக் குடிக்க மாட்டேங்கறீங்க. பிரியாணியும் வேண்டாம்னீங்க. வேற மில்லுக்குப் பேசிட்டீங்களா? நேராச் சொல்லிப்போடுங்க."

ஒரு நல்ல ஆள் இப்படிக் கேட்கும்போது பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது, பதினேழு, மயிலா, கத்தி, ரெண்டு மாசம் படுக்கை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "மயிலாத்தா மெஸ்ஸுல நானும் ஆறு வருசம் உண்டிருக்கறனுங்க. எச்சாக் குழம்பு கேட்டா ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்லீங்க அது" என்றார். "மோரு இருக்குங்களா? அதையே ஊத்துங்க, பேசலாம்."

அக்டோபர் 8, புதன்

பருப்பு உருண்டைக் குழம்பு. உருண்டையை எண்ணெயில் போடாமல் ஆவியில் வேகவைக்கச் சொன்னாள். ஆறு உருண்டை, அரைக் கரண்டி சோறு. கல் மாதிரி உட்கார்ந்தது வயிற்றில்.

அர்த்தநாரி வாயில் எதுவும் தங்காது என்பது இருபது வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேனோ என்னவோ. இன்று வந்த மூன்று பேரும் நான் வாய் திறக்கும் முன்னே, "மோரு போதுமுங்க" என்றார்கள். அவர்களில் முத்தூர்க்காரர், தன் தோப்புக் கொப்பரை முழுக்க எனக்காக இருக்கும் என்றும், நான் படுத்திருந்தாலும் களத்தில் இறக்கிவிட்டுத்தான் போவதாகவும் சொன்னார். இவர்களையா ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர். தப்பான பெயர்.

அக்டோபர் 13, திங்கள்

எடை எழுபத்தெட்டரைக் கிலோவுக்கு இறங்கிவிட்டது. பேன்ட்டுக்குக் கயிறு கட்ட வேண்டியிருக்கிறது. வாழைப்பூவும் துவரம்பருப்பும்.

காலையில் எழுந்து வாழைப்பூவை ஒவ்வொன்றாக நரம்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் வசந்தாமணி. "இத்தனை மெனக்கெடணுமா?" என்றேன். "ஏனுங்க, கறின்னா கழுவிப் போட்டா ஆச்சு. இதுக்கெல்லாம் கை வேணும்" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், முதலில் ஓட்டல், பிறகு மெஸ். மத்தியானம் நான் அவள் சமையலை உண்டதே இல்லை என்பது இந்த ஒன்றரை மாசத்தில்தான் உறைத்தது. அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்று போசியைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றாக இருந்தது என்று சொன்னேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் மோந்து பார்த்ததோடு சரி. கொண்டைக்கடலை, வெள்ளரிக்காய்.

அக்டோபர் 24, வெள்ளி

எட்டு.

டாக்டர் ரெண்டு தடவை காகிதத்தைப் பார்த்தார். நான் மூணு தடவை கேட்டேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து போன் பண்ணினேன்.

"எட்டு, மயிலா."

"எட்டா, எட்டரையா?"

"எட்டு. அரையெல்லாம் இல்லை."

கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "சரி, திங்கக்கிழமைக்கு மொச்சை ஊறப்போடச் சொல்லு" என்றாள்.

ஆபரேஷன் நவம்பர் மூன்று.

அக்டோபர் 27, திங்கள்

மொச்சை. எட்டு வாரம் இன்றோடு முடிகிறது. மயிலா மத்தியானம் போனில் நாளைக்குக் கொள்ளு என்றாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டு நாளைக்குக் கொள்ளு என்றாள். சொன்னதை மறந்திருப்பாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

கொள்ளு. போன் பண்ணி மெஸ்ஸில் இலை தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வா என்றாள். சரி என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் ஏற்கெனவே ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார். ரத்தத்தில் விஷம் ஏறினால் புத்தி இப்படிக் கலங்குமாம். மூன்றாம் தேதி வரைக்கும் காத்திருக்க முடியாது, வியாழக்கிழமையே என்கிறார்கள். நாளைச் சாயங்காலம் என்னையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 29, புதன்

காலையில் வசந்தாமணி அடுப்பு முன்னால் நின்றுகொண்டு, "இன்னைக்கு மத்தியானத்துக்கு என்னுங்க பண்றது?" என்று கேட்டாள். அவளும் நானும் போனைப் பார்த்தோம். அது அடிக்காது என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

பயிறு ஊறப்போடவில்லை. கூடையில் சுரைக்காய் இருந்தது, டப்பாவில் பாசிப்பருப்பு. கறி இருக்கிற இடத்துக்கு இன்னொருத்தன் வர வேண்டும். சுரைக்காயைப் பருப்பில் போட்டுக் கெட்டியாகக் கடை, மேலே வெங்காயம் வதக்கிப் போடு, சோறு ஒரு கரண்டி, காளான் இருந்தால் கொஞ்சம் என்று சொன்னேன். காளான் இருந்தது. பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

களத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே ரெண்டு பேரும் உட்கார்ந்து உண்டோம். பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என் இலையில் இன்னொரு கரண்டி கடைசல் வைத்தாள்.

நவம்பர் 8, சனி

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும்.

எனக்கு ஏழு மணி நேரம், மயிலாவுக்குப் பதிமூணு மணி நேரம் ஆனதாகச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது வயிற்றில் நெருப்பு. முதலில் கேட்டது அவளைப் பற்றித்தான். வாய் வறண்டிருந்ததில் சத்தம் வரவில்லை. நர்ஸ் புரிந்துகொண்டு, "நல்லா இருக்காங்க, உங்க ஈரல் அவங்களுக்கு வேலை செய்யுது" என்றார். அந்தப் பெண்ணின் பேர் கூடத் தெரியாது. அவருக்கு நல்லது நடக்கட்டும்.

அடுத்த நாலு நாள் அவளுக்குக் காய்ச்சல். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும் விட்டார்கள். இன்று மத்தியானம்தான் முகமூடி போட்டு, கை கழுவி, உள்ளே போகலாம் என்றார்கள். வசந்தாமணி தாங்கிப் பிடிக்க, இருபத்தேழு அடி எடுத்து வைத்தேன்.

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலும்புதான். ஆனால் கண்ணில் வெள்ளை தெரிந்தது. வெள்ளைக் கண்ணோடு அவளைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. கையெடுத்துக் கும்பிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் அதெல்லாம் செய்யவில்லை.

"மணி என்னண்ணா?"

"ஒண்ணே கால்."

"இன்னும் சோறு வரலை. எனக்குப் பசிக்குது."

மாசக்கணக்கில் அவள் வாயில் வராத சொல். வசந்தாமணி திரும்பி ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

நானும் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருப்பதால் எனக்கு உள்ளதையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஆளுக்கு ஒரு மூடி போட்ட கிண்ணம். குழைய வடித்த பருப்புச் சோறு. முதல் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இதை ஆக்குனவனை என்ற மெஸ்ஸுக்கு அனுப்பி வைக்கச் சொல்லு. ஆறு மாசம் பாத்திரம் கழுவட்டும்."

சொல்லிவிட்டு உண்டாள். ஸ்பூனைக் கீழே வைக்காமல் உண்டாள். கிண்ணத்தின் ஓரத்தை ஸ்பூனால் சுரண்டிவிட்டு நிமிர்ந்தாள். நான் இன்னும் மூடி திறக்காத கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நீ உண்ணப் போறியா?"

அவள் பக்கம் தள்ளினேன்.